மாலையோடு வெட்டிய படம்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். பிரிக்பீல்ட்ஸில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை என்னுடையது.

டீச்சர். தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர். நாற்பது வயது இருக்கும். லேப்டாப் அவர் கொண்டு வந்தது.

டயர் கடை பாஸ். கிள்ளானில் டயர் விற்கிறவர். அவருடைய அப்பா ஒரு காலத்தில் அங்கே அச்சகம் வைத்திருந்தார். புத்தகப் பெட்டியை பாஸ்தான் தூக்கி வந்தார்.

நாலாவது ஆள் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். அந்தப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். கட்டைவிரல் அளவுக்கு ஒரு போட்டோ. கழுத்தில் மாலை.

அவர் செத்துப்போனவர் என்று சொன்னவன் நான்.

டீச்சர் சொன்ன விஷயம் இது. இன்டர்நெட்டில் ஓர் இடம் இருக்கிறது. பழைய புத்தகத்துப் படங்களை யார் வேண்டுமானாலும் அதில் ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஊர் ஊருக்கு ஆட்கள் இருந்து கூட்டாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது. முதலாளியும் கிடையாது.

முதலாளி இல்லாத கடை என்றதும் எனக்கு எங்கேயோ இடித்தது. பேசவில்லை. நான் ஆறாம் ஆண்டோடு நின்றவன். டீச்சர் படித்தவர்.

என்னிடம் வந்ததற்குக் காரணம் ஸ்கேனர். பழைய போட்டோக்களைப் பெரிதாக்குவதற்காக வாங்கியது. பெரிய தட்டு உள்ளது. புத்தகத்தைப் பிரிக்காமல் வைக்கலாம்.

பெட்டியில் பதினொரு புத்தகங்கள் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் போட்ட கதைப் புத்தகங்கள். மெலிசானவை. ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. கதை எனக்கு நினைவில்லை. படங்கள் நினைவிருக்கின்றன. ரப்பர் மரத்தில் பால் வடிய மங்கு கட்டுகிற பெண். தோளில் வாளியோடு சறுக்குகிற ஆள். லயத்து வீட்டு வாசலில் நாயைக் குளிப்பாட்டுகிற சிறுமி. மழையில் நிற்கிற லோரி. கறுப்பு மை மட்டும்தான். ஆனாலும் அந்த மழை நனைத்தது.

மொத்தம் நாற்பத்தாறு படங்கள்.

"எங்கப்பா போட்ட புத்தகம். அப்ப நம்ம படம்தானே டீச்சர்?" என்றார் பாஸ்.

"புத்தகம் உங்கப்பாவுது. படம் வரைஞ்சவருது பாஸ். அவரு செத்து அம்பது வருஷம் ஆயிருந்தா எல்லாருக்கும் பொது. இல்லன்னா அவரைக் கேக்கணும். அவரு இல்லன்னா பிள்ளைங்களைக் கேக்கணும்."

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்லா? நான் அப்ப பால் குடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"இப்ப மட்டும் என்ன, டயரா குடிக்கிறீங்க? யாரையாச்சும் விசாரிங்க."

பாஸ் சிரித்தார். புத்தகம் என் கைக்கு வந்தது.

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாள் என் கடைக்கு ஆள் வரும். படம் வேண்டும். பழைய ஆட்களுக்குத் தனிப் படம் இருக்காது. கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கும். அதில் செத்தவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு வெட்டினாலும் பக்கத்து ஆளின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். மாலையை எடுத்துவிடட்டுமா என்று கேட்பேன். இருக்கட்டும் என்பார்கள். புதுசாகப் போட வேண்டிய மாலை ஒன்று மிச்சம்.

முப்பது வருஷமாக இதைச் செய்கிறேன். கல்யாணப் படத்தில் இருந்து ஆளைத் தனியாக வெட்டி எடுத்திருந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். என் கடையில் ஒரு தடவைகூட இது தவறியது கிடையாது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். போட்டோவின் வலது ஓரத்தில் சேலைக் கரை தெரிந்தது. இன்னொரு மாலையின் பூ இரண்டு தெரிந்தது.

"ஆள் இல்ல டீச்சர்" என்றேன்.

"நிச்சயமாண்ணே?"

"கல்யாணப் படத்துல வெட்டுனது. சாவுக்கு வெட்டுனது."

"அப்படின்னா புத்தகம் வரும்போதே அவரு இல்ல."

"இல்ல."

புத்தகம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது; கணக்கு எல்லாருக்கும் சரியாகப் பட்டது. புத்தகத்தில் அச்சான வருஷத்தையே டீச்சர் அவர் இறந்த வருஷமாகப் போட்டார். அங்கே அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. அவர் தட்டியதும் கட்டம் பச்சையானது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. எல்லாம் ஏறியது. பெட்டியை பாஸ் திருப்பி எடுத்துப்போய்த் தன் ஸ்டோரில் வைத்தார். அடுத்த மாதமே கூரை ஒழுகிப் பதினொன்றும் கூழாகிவிட்டது. குப்பையில் போட்டேன் என்று போனில் சொன்னார். பரவாயில்லை பாஸ், ஏற்றியாச்சே என்றார் டீச்சர்.

படங்கள் கிளம்பின. டீச்சர் கடைப் பக்கம் வரும்போதெல்லாம் ஹேண்ட்போனில் காட்டுவார். மழை லோரி ஒரு டீ சட்டையில் வந்தது. நாய் குளிப்பாட்டுகிற சிறுமி எந்த நாட்டிலோ ஒரு சோப்பு அட்டையில் வந்தாள். டீச்சருக்குச் சந்தோஷம். ஒவ்வொன்றின் கீழேயும் பொடி எழுத்தில் படம் வரைந்தவர் பெயர் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இறந்த வருஷம் இருந்தது. நாங்கள் போட்டது.

பிறகு ஒரு திங்கட்கிழமை டீச்சர் போன் செய்தார். குரல் சரியில்லை.

"அண்ணே, செவப்பா ஒரு பெட்டி வந்திருக்கு."

"எங்க?"

"படத்துக்கு மேல. நாப்பத்தாறுக்கும்."

யாரோ கேட்டிருந்தார்கள். இவர் இறந்ததற்கு ஆதாரம் என்ன? ஏழு நாளில் காட்டாவிட்டால் எல்லாம் நீக்கப்படும். கேட்டவருக்குப் பெயர் இல்லை. இரண்டு எழுத்தும் சில எண்களும்தான்.

"நீங்க சொன்னதை எழுதினேன்ணே. மாலை, சேலைக் கரை எல்லாம். அது ஆதாரம் இல்லையாம்."

 மூலை வெட்டிக்கொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்தேன். அதற்கு முன் அந்தச் சந்தேகம் எனக்கு வந்ததே கிடையாது.

ஒரு ஆளைத் தேடிப் போகிறவன் அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைப்பான். நாங்கள் மூன்று பேரும் அப்படி நினைக்கவில்லை. அவர் செத்திருக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே செத்திருக்க வேண்டும். அதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். இதுதான் எங்கள் வேண்டுதல். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

நாலாம் நாள் பாஸ் தன் அப்பாவின் பழைய நோட்டில் ஒரு விலாசம் கண்டுபிடித்தார். ஐந்தாம் நாள் நானும் டீச்சரும் ரயில் ஏறினோம். அன்றைக்குப் புகைமூட்டம். ஜன்னலுக்கு வெளியே ஷா ஆலம் ஊரே தெரியவில்லை. எல்லாரும் மூக்கை மூடியிருந்தார்கள். கிள்ளான் ஸ்டேஷனில் எங்களை ஏற்றிப்போக பாஸ் தன் காடியோடு நின்றார்.

பழைய விலாசத்தில் இப்போது ஒரு கைபேசிக் கடை. பக்கத்துப் பூக்கடை அக்கா ஒரு பிளாட்டின் பெயரைச் சொன்னார். அந்தக் குடும்பம் அங்கே போய் ரொம்ப நாளாகிறது என்றார். குடும்பம் என்றுதான் சொன்னார். அவரைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

மலிவு விலை பிளாட். லிப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறினோம்.

"சாவு சர்ட்டிபிகேட் காப்பி ஒண்ணு குடுத்தா போதும்ல டீச்சர்?" பாஸுக்கு மூச்சு வாங்கியது.

"சமாதிக் கல்லு இருந்தா அதைப் படம் எடுத்தாக்கூட போதும் பாஸ்."

"எரிச்சிருந்தா?"

டீச்சர் அடுத்த படியில் கால் வைத்தார்.

கதவைத் திறந்தவர் ஓர் அம்மா. அறுபதை ஒட்டிய வயது. கம்பிக் கதவைத் திறக்கவில்லை. உங்கள் அப்பா விஷயமாக வந்தோம் என்றார் டீச்சர். அந்த அம்மா எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

"வரச் சொல்லும்மா. செத்தவனைப் பாக்க வந்திருப்பாங்க."

டீச்சரின் கை என் முழங்கையைப் பிடித்தது. விடவில்லை.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மெலிந்த உடம்பு. கைலி, வெள்ளை பனியன். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மற்றக் கண் நன்றாகப் பார்த்தது. முகத்தை நான் ஏற்கெனவே பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தேன். அதே காது.

"உக்காருங்க. தண்ணி குடிங்க. சாவு வீட்டுல குடிக்கலாமான்னு யோசிக்காதீங்க. எனக்குக் கோவம் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார்.

சுவரைக் காட்டினார். காலண்டர் ஒன்று தொங்கியது. ஏதோ சங்கம் போட்டது. மங்கு கட்டுகிற பெண் அதில் பெரிதாக இருந்தாள். கீழே அமரர் என்று போட்டு அவர் பெயர். அடைப்புக்குறிக்குள் எங்கள் வருஷம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை கோயில்ல வாங்கியாந்து குடுத்துச்சு. தாத்தா, ஒங்க பேரு மாதிரியே ஒரு ஆளுன்னு. நான் வரைஞ்ச படம். நான் செத்த வருஷம். தெனம் பாக்குறேன்."

"அப்பா நாலு நாளு சாப்பிடல" என்றார் அந்த அம்மா. "எடுத்துக் கிழிச்சிருவேன். விட மாட்டேங்கிறாரு."

"கிழிச்சா நல்ல படம் போயிரும்மா."

பாஸ் சமாளிக்கப் பார்த்தார். "ஐயா, செத்ததா சேதி வந்தா ஆயுசு கூடும்பாங்க."

"எவ்வளவு கூடும்? அம்பது வருஷம் கூடுமா?"

பாஸ் தரையைப் பார்த்தார்.

நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"ஐயா, நான்தான் சொன்னது. நீங்க இல்லன்னு."

"நீ யாரு தம்பி?"

"பிரேம் கடை."

"எதை வச்சு சொன்ன?"

"மாலை. பக்கத்துல சேலைக் கரை. வெட்டின படம்னு தெரிஞ்சது. எங்க கடையில அப்படி வெட்டுறது சாவுக்குத்தான்."

 அவர் கையை நீட்டி எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"கடைசிப் புத்தகத்துக்கு போட்டோ வேணும்னான் அச்சாபீஸ்காரன். என்கிட்ட கல்யாணப் படம் ஒண்ணுதான் இருந்துச்சு. அவளை வெட்டிட்டு என்னைக் குடுத்தேன். அதுக்கு ஒரு வாரம் பேசல அவ. அந்தப் பாதி அங்க இருக்கு பாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். இளம் பெண். கழுத்தில் கல்யாண மாலை. படத்தின் மேல் சந்தன மாலை. கீழே சின்ன பல்பு எரிந்தது. இடது ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது. கோணலாக இருந்தது. அந்த ஓரத்தில் ஓர் ஆணின் தோள் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இந்தப் பாதியில் நான் சொன்னது சரி. அந்தப் பாதியில் தப்பு.

டீச்சர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். பாஸ் அந்த அச்சாபீஸ்காரரின் மகன் என்பதைப் பற்றி, இன்டர்நெட் இடத்தைப் பற்றி, சிவப்புப் பெட்டியைப் பற்றி, இன்னும் இரண்டு நாள் இருப்பதைப் பற்றி. புத்தகங்கள் கூழானதையும் மறைக்கவில்லை. அவர் அனுமதி எழுதித் தந்தால் படங்கள் நிற்கும். கைபேசியில் அந்தக் கடிதத்தின் மாதிரியைத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"யாரு வேணும்னாலும் எடுக்கலாமா?"

"எடுக்கலாம் ஐயா."

"மாத்தி வரையலாமா?"

"வரையலாம்."

"விக்கலாமா?"

"விக்கலாம். உங்க பேரு மட்டும் போடணும்."

"நாளைக்கு வேணாம்னு தோணுச்சுன்னா?"

டீச்சர் கடிதத்தை மறுபடி பார்த்தார். அவருக்கு அது தெரியும். ஆனாலும் பார்த்தார்.

"திருப்பி வாங்க முடியாது ஐயா."

அவர் பாஸ் பக்கம் திரும்பினார். "ஒங்கப்பா என் நோட்டைப் பாத்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனாரு. நல்ல மனுஷன்தான். மொதப் புத்தகம் வந்தப்பதான் எனக்கே தெரியும். அவரு கேக்கல. நீங்க வந்து கேக்குறீங்க. அந்தவரைக்கும் சந்தோஷம்."

"அப்போ எழுதித் தரீங்களா ஐயா?"

"இல்லம்மா."

வெளியே புகையில் ஏதோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. அது முடிந்ததும் அவர் சொன்னார்.

"படம் போனா போவட்டும். என்னை உயிரோட எழுது. அது போதும்."

படிக்கட்டில் நாலாவது மாடியில் டீச்சர் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நாம இங்க வரலன்னு வச்சுக்குங்க. யாருக்குத் தெரியும்? ரெண்டு நாளு கழிச்சு எப்படியும் அழிச்சிருவாங்க. அதுக்கு முன்னாடி குடும்பத்துல கேட்டோம், ஆமா இறந்துட்டாருன்னு ஒரு வரி எழுதினா நாப்பத்தாறும் நிக்கும். புத்தகமே இல்லண்ணே இனிமே."

பாஸ் என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு உள்ளே பிடிக்காமல் இல்லை. அந்த மழை லோரி எனக்குப் பிடிக்கும். ஒரு வரிதான். ஏற்கெனவே ஒரு தடவை சொன்ன வரிதான்.

"ஒருக்கா தெரியாம சொன்னேன் டீச்சர்" என்றேன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் மத்தியானம் என் கடையில் உட்கார்ந்து எழுதினார். படம் வரைந்தவர் உயிரோடு இருக்கிறார். நேரில் பார்த்தோம். அனுமதி தரவில்லை. இறந்த வருஷம் எங்கள் தவறு. அவ்வளவுதான். இருபது நிமிஷத்தில் அந்த எண்காரர் பதில் போட்டார். நன்றி என்று மட்டும் இருந்தது.

பிறகு படங்கள் போயின. ஒன்று ஒன்றாகப் போயின. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் போனது. வாளி போனது. லோரி போனது. படம் இருந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் அந்தப் படத்தின் பெயர் மட்டும் நின்றது. அதைத் தட்டினால் ஒன்றும் இல்லை.

ஸ்கேனரோடு இணைத்த என் கம்ப்யூட்டரில் நாற்பத்தாறும் இருக்கின்றன. யாருக்கும் கொடுப்பதில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். டீச்சரும் அப்படித்தான் சொன்னார். இரண்டு வாரம் கழித்துச் சும்மா பெரியவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். கடை வாசலில் மழை. வாடிக்கை இல்லை.

வேறு ஓர் இடத்தில் மழை லோரி இருந்தது. கீழே பெயர். அடைப்புக்குறிக்குள் வருஷம். இன்னோர் இடத்தில் படமே இல்லை, பெயரும் வருஷமும் மட்டும் இருந்தன. மூன்றாவது இடத்தில் ஆதாரம் என்று ஒன்றைக் காட்டியிருந்தார்கள். தட்டினேன். அந்தக் காலண்டரின் போட்டோ. காலண்டர் எங்களைப் பார்த்துப் போட்டது. இப்போது காலண்டரைப் பார்த்து அவர்கள் போடுகிறார்கள்.

எழுதிப் போட்டேன். டீச்சர் இங்கிலீஷில் எழுதித் தந்ததைத்தான் போட்டேன். ஓர் இடத்தில் திருத்தினார்கள். மறுவாரம் யாரோ பழையபடி மாற்றிவிட்டார்கள். ஆதாரம் இல்லாமல் உயிரோடு இருப்பதாகப் போடக்கூடாதாம். மற்ற இடங்களில் பதிலே இல்லை. யாரைப் போய்ப் பார்ப்பது? முதலாளி இருந்தால் கடைக்குப் போய் நிற்கலாம்.

பெரியவருக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நான் கொடுத்துவிட்டு வந்த கார்டைப் பார்த்துக் கடைக்கு போன் செய்தார்.

"பிரேம் கடையா? நான் எத்தன எடத்துல செத்திருக்கேன் தம்பி?"

"மூணு எடம் ஐயா."

"சரி. வேலையப் பாரு."

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் பத்து மணிக்குக் கூப்பிடுவார். அதே கேள்விதான். நான் ஒன்பதரைக்கே பார்த்து எண்ணி வைத்திருப்பேன். ஐந்து என்பேன். எட்டு என்பேன். ஒரு தடவைகூடக் குறைத்துச் சொன்னதில்லை. குறைந்ததும் இல்லை.

போன மாதம் வேறொன்றும் கேட்டார்.

"என் பாதி ஒன்கிட்டதானே இருக்கு? ஸ்கேன் பண்ணுனது?"

"இருக்கு ஐயா."

"பெருசாக்கி வச்சிருக்கியா?"

"இல்ல."

"ஆக்காத. பிரேம் போட்டுறாத."

"போட மாட்டேன் ஐயா."

ஸ்கேன் செய்து எடுத்த அவர் பாதியின் பிரிண்ட் இன்னும் ஸ்கேனர் மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான். காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அந்த இழுப்பறையை நான் அடிக்கடி திறப்பதில்லை.

போன வாரம் பேசும்போது இருமினார். புகை என்றார். புகைமூட்டம் கலைந்து ரொம்ப நாளாகிவிட்டது. 

இன்று சனிக்கிழமை. ஒன்பதரைக்குப் பார்த்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினேன். எண்ணிக்கையைப் பழைய கவரின் பின்பக்கம் எழுதி போன் பக்கத்தில் வைத்தேன். கிள்ளானில் இருந்து ஓர் ஆள் வந்து சட்டத்துக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் அதிகம் பேசவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மணி பத்தே முக்கால். போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டதில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய எண்ணிக்கை தயாராக இருக்கிறது.

பத்தொன்பது.